வசந்தத்தின் முதல் பூக்களைப் படம்பிடிக்க ஒரு நாள்: முழுமையான வழிகாட்டி

விடியற்காலை வெளிச்சத்தில் எடுத்தால்தான் படம் அழகாக வரும் என்று ஒளிப்படம் கற்கத் தொடங்கும்போதே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். மலைக்கும் ஏரிக்கும் அது சரி. வசந்தத்தின் தொடக்கத்தில் தரையோடு தரையாகப் பூக்கும் காட்டுப்பூக்களுக்கு அது ஒத்துவராது. குரோக்கஸ், வுட் அனிமோனி, ஹெபாட்டிகா, பிளட்ரூட் எல்லாமே இரவில் இதழைக் கூப்பிக்கொள்பவை. வெயில் ஏறி, காற்றில் லேசாக வெதுவெதுப்பு வந்த பிறகுதான் விரியும். ஆறு மணிக்கே போய்த் தரையில் படுத்தால் கூம்பிய மொட்டுகள் மட்டும்தான் கிடைக்கும்.

மரத்துப் பூக்கள் வேறு ரகம். செர்ரியும் பிளம்மும் ஆப்பிளும் ஒருமுறை விரிந்துவிட்டால் இரவானாலும் மூடுவதில்லை. ஆகவே காலையை மரங்களுக்குக் கொடுங்கள். பத்து மணியிலிருந்து பிற்பகல் வரை தரைக்கு. மாலையில் இரண்டில் எது கூப்பிடுகிறதோ அதற்கு. ஒரு நாள் பயணத்துக்கு இதைவிடப் பயனுள்ள அட்டவணை எனக்குத் தெரியாது. லென்ஸ், அமைப்புகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

எந்த நாளில் போவது

இலையுதிர் காடுகளின் தரையில் இந்தப் பூக்கள் ஏன் இவ்வளவு அவசரப்படுகின்றன என்று புரிந்துகொண்டால் நாள் குறிப்பது எளிது. மேலே மரங்கள் இன்னும் இலை விடவில்லை, அதனால் வெயில் தடையில்லாமல் தரைக்கு வருகிறது. இலைக்கூரை மூடியதும் அந்த வெளிச்சம் போய்விடும். அதற்குள் இலை விட்டு, பூத்து, விதை கட்டி, அடுத்த ஆண்டுக்கான உணவைக் கிழங்கில் சேர்த்துவிட வேண்டும். எல்லாம் சேர்ந்து சில வாரங்கள்தான். பிளட்ரூட்டின் ஒரு பூ சில நாட்களே நிற்கும். ஒரு நல்ல மழையோ காற்றோ வந்தால் அதுவும் இல்லை.

போன ஆண்டு இந்தத் தேதியில் பூத்தது என்று நம்பிக் கிளம்பாதீர்கள். ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி மலரும் நாள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான பதிவுகளில் இருக்கிறது. 2021இல் அங்கே மார்ச் 26ஆம் தேதியே முழுமலர்ச்சி வந்துவிட்டது. அந்த நெடிய வரிசையிலேயே மிக முந்திய நாட்களில் ஒன்று அது. குளிர்காலம் எப்படிப் போனது, கடைசி இரண்டு மூன்று வாரங்கள் எவ்வளவு சூடாக இருந்தன என்பதைப் பொறுத்துத் தேதி முன்னும் பின்னும் நகரும். காலண்டரைவிட மொட்டைப் பாருங்கள். செர்ரியில் மொட்டின் பச்சை உறை பிளந்து, உள்ளிருந்து தனித்தனிக் காம்புகள் நீளத் தொடங்கிவிட்டால் ஒரு வாரத்துக்குள் முதல் பூ வந்துவிடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். குளிர் திரும்பினால் இன்னும் சில நாள் தள்ளும்.

தவறவிட்டுவிட்டால் வருந்த வேண்டாம், மேலே ஏறுங்கள். ஆண்ட்ரூ ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் 1918இல் ஒரு தோராய விதியை வகுத்தார்: வசந்தத்தில் ஒரு டிகிரி அட்சரேகை வடக்கே போனால் ஏறத்தாழ நான்கு நாள் தாமதம், 400 அடி, அதாவது சுமார் 120 மீட்டர் உயரம் கூடினாலும் அதே நான்கு நாள். எல்லா இடத்துக்கும் அச்சுப் பிசகாமல் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் திட்டமிடப் போதும். பள்ளத்தாக்கில் பூ உதிர்ந்துவிட்டதா? 250 மீட்டர் மேலே போனால் ஒரு வாரம் பின்னோக்கிப் போன மாதிரி. மலைச்சரிவு பார்க்கும் திசையும் இப்படித்தான். வடகோளத்தில் தெற்கு நோக்கிய சரிவு முதலில் பூக்கும், வடக்குச் சரிவு பிந்தும். ஒரே குன்றின் இரு பக்கமும் தெரிந்துவைத்திருப்பவருக்குப் பருவம் இரட்டிப்பாகிறது.

வானிலையில் முதலில் காற்றைப் பாருங்கள். மெலிந்த காம்பில் நிற்கும் பூ, மணிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் காற்றுக்கே நிலைகொள்ளாமல் ஆடும். அடுத்தது வெப்பம். மேகமூட்டம் பூப்படத்துக்கு நல்லது என்பது பாதி உண்மைதான். மேகத்தோடு குளிரும் சேர்ந்தால் தரைப்பூக்கள் அன்று முழுக்கத் திறக்காமலே இருந்துவிடலாம். ஸ்னோடிராப் என்ற சிறு வெள்ளைப் பூவின் வெளி இதழ்கள் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸுக்கு மேலே போனால்தான் நன்றாக விரிந்து நிற்கும். மெல்லிய மேகம், மந்தமான காற்று, கொஞ்சம் வெதுவெதுப்பு: இந்த மூன்றும் கூடிய நாள் கிடைத்தால் மற்ற வேலைகளைத் தள்ளிப்போடுங்கள்.

பையில் என்ன

மிக நெருங்கி எடுக்க உதவும், 90 முதல் 105 மி.மீ. வரையான மேக்ரோ லென்ஸ் இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் உடனே வாங்கத் தேவையில்லை. கையில் இருக்கும் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே எக்ஸ்டென்ஷன் டியூப் என்ற வெற்றுக் குழாய் ஒன்றைப் பொருத்துங்கள். 50 மி.மீ. லென்ஸுக்கு 25 மி.மீ. டியூப் போட்டால் உருப்பெருக்கம் நிஜ அளவில் பாதி கூடும். இந்தப் பூக்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே தாராளம். பாதையிலிருந்து எட்டாத பூவுக்கும் மரக்கிளைக்கும் தூரத்தை அருகில் காட்டும், 200 அல்லது 300 மி.மீ. வரை போகும் டெலி லென்ஸ் ஒன்று. அகலக்கோண லென்ஸை நான் பெரும்பாலும் எடுத்துப்போவதில்லை. அந்த வேலையை மொபைலே நன்றாகச் செய்கிறது.

மடக்கும் டிஃப்யூசர் ஒன்று கட்டாயம். வெள்ளைத் துணி கட்டிய வளையம்தான், ஆனால் நண்பகல் வெயிலைப் பயன்படுத்தக்கூடியதாக மாற்றுவது இதுதான். நிழல் பக்கத்துக்கு வெளிச்சம் திருப்பிவிட ஒரு வெள்ளை அட்டை. தரையில் படுக்க நீர் புகாத விரிப்பு. கேமராவைத் தரைமட்டத்தில் தாங்க, தானியம் நிரப்பிய சிறு துணிப்பை. நடுத்தண்டு இல்லாமல் கால்களை முழுக்க விரிக்க முடிகிற ட்ரைபாட் இருந்தால் இன்னும் நல்லது. வான நீலத்தை ஆழமாக்கும் போலரைசர் ஃபில்டர் ஒன்று. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், ஆகவே உபரி பேட்டரி ஒன்றை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டிலேயே வையுங்கள்.

உண்ணிகள் உள்ள காடென்றால் முழுநீளக் கால்சட்டையைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். பனி முற்றிலும் போகாத நாட்களிலேயே அவை நடமாடத் தொடங்கிவிடும், நாம் அவற்றின் உயரத்திலேயே படுத்துக்கிடக்கப் போகிறோம். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுப் பின்புறம் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்.

காலை: மரங்களின் நேரம்

சூரியன் உதிக்கும் முன்பே மரத்தடியில் இருங்கள். காற்று அடங்கியிருக்கும் நேரம் அதுதான், அடர்ந்த கிளை மொத்தமும் அசையாமல் நிற்கும்.

முதலில் மரத்தைச் சுற்றி ஒரு முழு வட்டம் நடங்கள். கேமரா பையிலேயே இருக்கட்டும். தேடுவது பூவை அல்ல, பின்னணியை. வெளிறிய பூவுக்குப் பின்னால் வெளிறிய வானம் வந்தால் இரண்டும் கலந்து அழுக்கு வெள்ளையாகிவிடும். செர்ரிப் படங்களில் நான் அதிகம் பார்க்கும் குறை இதுதான், எந்த லென்ஸாலும் இதைச் சரிசெய்ய முடியாது. நிழலில் இருக்கும் குன்று, பசுமை மாறாத மரங்களின் அடர்பச்சை, அதே மரத்தின் கருத்த அடிமரம், இவற்றில் ஒன்று பூக்கிளைக்குப் பின்னால் வருகிற இடத்தைக் கண்டுபிடியுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். வானம் தெளிந்த நீலமாக இருந்தால் அதையே பின்னணியாக்கலாம். சூரியனுக்குச் செங்குத்தான திசையில் போலரைசரைத் திருப்பினால் நீலம் ஆழமாகும். மேகமூட்டமென்றால் வானத்தைச் சட்டகத்தில் அறவே விடாதீர்கள்.

பிறகு கிளை. பூ நெருக்கமாக மண்டிய கிளை நேரில் பார்க்க அழகு, படத்தில் வெறும் திரள். மற்றவற்றிலிருந்து விலகித் தனியாக நீளும் கிளை, அதில் மூன்று நான்கு கொத்துகள், நுனியில் இன்னும் விரியாத மொட்டுகள், நடுநடுவே கருத்த பட்டை தெரியும் இடைவெளி: அதைத் தேடுங்கள். இதனால்தான் மரம் முழுசாக மலர்வதற்குச் சற்று முன்பே போகச் சொல்வேன். மொட்டின் இளஞ்சிவப்பும் விரிந்த பூவின் வெண்மையும் ஒரே சட்டகத்தில் கிடைப்பது அப்போதுதான். ஆப்பிளில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும்: மொட்டு அழுத்தமான ரோஜா நிறம், விரிந்ததும் ஏறத்தாழ வெள்ளை.

பூ புதிதா பழையதா என்பதை மகரந்தத் தாள்களின் நுனியில் பார்க்கலாம். புதுப்பூவில் நுனிகள் மஞ்சளாக, பொலிவோடு இருக்கும். பழைய பூவில் பழுப்பாகிச் சுருங்கியிருக்கும். சொமெய் யோஷினோ வகைச் செர்ரியில் பூவின் நடுப்பகுதி சிவக்க ஆரம்பித்தால் உதிரப்போகிறது என்று அர்த்தம். தூரத்திலிருந்து இது தெரியாது. நெருங்கி எடுத்த படத்தில் பளிச்சென்று தெரியும்.

மரத்தின் பெயர் தெரிந்தால் குறிப்பு எழுத உதவும். செர்ரியின் இதழ் நுனியில் பெரும்பாலும் சிறு பிளவு இருக்கும், பூக்கள் நீண்ட காம்புகளில் கொத்தாகத் தொங்கும். பிளம்மின் இதழ் நுனி உருண்டை, காம்பு குட்டை. வேலியோரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கும் முட்செடியில் இலையே இல்லையென்றால் அநேகமாக பிளாக்தார்ன். இலை விட்ட பிறகு பூத்திருந்தால் ஹாதார்ன்.

சூரியன் எழும்பியதும் அதை எதிரே வைத்துக்கொள்ளுங்கள். இதழ் மெல்லியது, பின்னாலிருந்து வெளிச்சம் ஊடுருவும்போது நரம்புகள் வரை தெரியும். இந்த வெளிச்சத்தில் கேமரா பூவை இருட்டாக்கத்தான் பார்க்கும், வெளிச்ச அளவை ஒரு ஸ்டாப் வரை, அதாவது இரு மடங்கு வரை, ஏற்றிக்கொள்ளுங்கள். லென்ஸ் முகப்பில் நேரடி வெயில் படாதபடி கையாலோ தொப்பியாலோ மறைத்தால் படம் வெளிறாது.

உயரத்தில் இருக்கும் கிளையைப் பிடித்து இழுக்காதீர்கள். மொட்டுகள் அடியோடு கழன்றுவிடும். டெலி லென்ஸைக் கொண்டு வந்தது இதற்குத்தான்.

பத்து மணிக்குமேல்: தரைக்கு இறங்குவது

இனித்தான் இந்த நாளின் உயிரான பகுதி. நேரம் எவ்வளவு எடுத்தாலும் தகும்.

பாதையில் மெதுவாக நடந்து, ஓரத்திலிருந்தே எடுக்கக்கூடிய செடிகளைத் தேடுங்கள். காட்டின் உள்ளே ஆயிரம் பூ இருந்தாலும் பாதையோரத்தில் நல்லதாக ஒன்று இருக்கும். இதில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. வெள்ளை டிரில்லியம் என்ற காட்டுப்பூ விதையிலிருந்து முதல் பூ விடப் பெரும்பாலும் ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். அதன் மூன்று இலைகளும் ஒரே தண்டில் நிற்கும். அந்தத் தண்டு மிதிபட்டு ஒடிந்தால் அந்த ஆண்டு வேறு இலை வராது, கிழங்கில் உணவு சேராது. டிரில்லியம், பிளட்ரூட், ஹெபாட்டிகா இவற்றின் விதைகளில் கொழுப்புச் சத்துள்ள சிறு திசு ஒட்டியிருக்கும். அதற்காக எறும்புகள் விதையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பரப்புகின்றன. எறும்பு நடக்கிற தூரம் எவ்வளவு இருந்துவிடப் போகிறது? அழிந்த கூட்டம் அதே இடத்துக்குத் திரும்பி வரப் பல ஆண்டுகள் பிடிக்கும். இன்னும் தலைகாட்டாத முளைகள் சருகுக்கு அடியில் இருக்கும் பருவம் இது. காலை எங்கே வைக்கிறோம், முழங்காலை எங்கே ஊன்றுகிறோம், பையை எங்கே போடுகிறோம் என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

செடி கிடைத்ததும் படுத்துவிடுங்கள். நின்றபடி கீழ்நோக்கி எடுத்தால் பின்னணியாக வருவது பூவுக்கு ஒரு சாண் பின்னாலிருக்கும் சருகுக் குப்பை; ஒவ்வொரு காய்ந்த இலை விளிம்பும் கூர்மையாகத் தெரியும். கேமரா தரைமட்டத்துக்கு இறங்கினால் பூவுக்குப் பின்னால் இருபது மீட்டரில் இருக்கும் காடு பின்னணியாகிறது. அது தானாகவே மங்கிப் பழுப்பும் சாம்பலும் கலந்த மென்திரையாகிவிடும். லென்ஸின் ஒளித் துவாரமான அப்பர்ச்சரை எவ்வளவு திறந்தாலும் இந்த விளைவு நின்றபடி கிடைக்காது. பூ லென்ஸுக்கு அருகில், பின்னணி பூவிலிருந்து வெகுதூரத்தில்: சூத்திரம் அவ்வளவுதான்.

படுத்த பிறகு உடனே எடுக்க வேண்டாம். கேமராவை ஐந்து சென்டிமீட்டர் இடதும் வலதும் நகர்த்திப் பாருங்கள். பின்னால் இருந்த வெளிறிய குச்சி மறையும், ஒளிப்பொட்டு பூவின் தலைக்குப் பின்னாலிருந்து விலகும். சட்டகத்தின் நான்கு ஓரங்களையும் ஒருமுறை கண்ணால் சுற்றுங்கள். குறுக்கே கிடக்கும் உதிர்ந்த புல்லையோ குச்சியையோ மெல்ல நகர்த்தலாம், எடுத்து முடித்ததும் பழைய இடத்தில் வைத்துவிடலாம். வேரோடு இருக்கும் எதையும் கிள்ளவோ ஒடிக்கவோ கூடாது. சருகைக் கூட்டித் தள்ளிச் சுத்தம் செய்வதும் வேண்டாம். அடியில் இருக்கும் முளைக்கு அதுதான் குளிர்க்காப்பு.

ஒவ்வொரு பூவுக்கும் அதற்கென்று ஒரு கோணம் உண்டு. ஹெபாட்டிகாவை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் அதன் நீலத்தைத்தான் பார்க்கிறார்கள். காம்பைப் பாருங்கள்: மேலிருந்து கீழ்வரை நுண்ணிய மயிர் நெருக்கமாக நின்றிருக்கும். வெயிலுக்கு எதிராகப் படுத்து, பின்னணியில் நிழல் வரும்படி வைத்தால் காம்பு முழுக்க ஒரு வெள்ளிக்கோடு வரைந்துவிடும். பூவுக்குச் சற்றுக் கீழே மூன்று பச்சை இலைகள் புல்லிவட்டம் போல நிற்கும், அவற்றின் விளிம்பிலும் அதே மயிர். அருகிலேயே போன ஆண்டின் இலைகள் குளிர்காலம் தாண்டிச் செம்பழுப்பாகப் படிந்து கிடக்கும். அவற்றையும் சட்டகத்தில் சேர்த்தால் செடியின் ஓராண்டுக் கதையே ஒரு படத்தில் வந்துவிடும். ஒரே கூட்டத்தில் நீலம், வெள்ளை, இளஞ்சிவப்பு மூன்றும் இருக்கக்கூடும்.

பிளட்ரூட் மண்ணிலிருந்து எழும்போது ஒற்றை இலை காம்பைச் சுற்றிப் போர்வை போர்த்தியதுபோல் இருக்கும். பூ விரிந்து ஓரிரு நாளில் இலை விலகிப் பரந்துவிடும். போர்த்திய நிலைதான் எனக்குப் பிடித்தது. அதைப் பக்கவாட்டிலிருந்து, பூவின் உயரத்திலேயே எடுக்க வேண்டும். ஸ்னோடிராப் தலைகவிழ்ந்த பூ. உள் இதழ்களில் இருக்கும் பச்சைக் குறி தெரிய வேண்டுமென்றால் லென்ஸ் பூவுக்கும் கீழே போக வேண்டும், திரையை மடக்கி மேலிருந்து பார்க்க வேண்டும். குரோக்கஸுக்கு நேர் மேலிருந்தும் ஒன்று எடுங்கள். விரிந்த கிண்ணத்துக்குள் ஆரஞ்சுச் சூலகமுடி நிற்பது அப்படித்தான் தெரியும்.

வெயில் உச்சியில் இருந்தால் டிஃப்யூசரைப் பூவுக்கு மேலே, சட்டகத்துக்குள் வந்துவிடாமல் எவ்வளவு முடியுமோ அவ்வளவு நெருக்கமாகப் பிடியுங்கள். நெருங்க நெருங்க நிழல் மிருதுவாகும். பின்னணி மட்டும் வெயிலில் இருந்தால் அது பூவைவிடப் பிரகாசமாகிவிடும். பின்னணியும் நிழலில் இருக்கும் திசைக்குத் திரும்பிக்கொள்ளுங்கள். டிஃப்யூசரின் நிழலிலேயே அதிக நேரம் வைத்திருந்தால் சூடு குறைந்து குரோக்கஸ் மெல்லக் கூம்பத் தொடங்கலாம். எடுக்கும் நேரத்துக்கு மட்டும் பிடித்துவிட்டு விலக்குங்கள்.

வெளிச்ச அளவு: வெள்ளையும் மஞ்சளும்

வசந்தத் தொடக்கத்தில் வெள்ளைப் பூக்கள் மிக அதிகம், அதனால் இதை ஒழுங்காகப் புரிந்துகொள்வது நல்லது. கேமராவின் ஒளி அளவி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்க முயலும். சட்டகம் முழுக்க வெள்ளைப் பூ நிறைந்திருந்தால் அதைச் சாம்பலாக்கிவிடும். ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் ஏற்ற வேண்டும். அதே பூ சின்னதாக, கருத்த சருகுக்கு நடுவே நின்றால் அளவி சருகைப் பார்த்து எல்லாவற்றையும் வெளுக்க வைக்கும், இதழ் வெறும் காகிதமாகிவிடும். அப்போது முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் இறக்க வேண்டும். வெள்ளைப் பூ என்றாலே ஏற்று என்று மனப்பாடம் செய்தவர்கள் சறுக்குவது இங்கேதான்.

ஒரு படம் எடுத்து, திரையில் பெரிதாக்கி, இதழின் நரம்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் இறக்குங்கள். மஞ்சள் பூவுக்கு, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் வெளிச்ச அளவையும் தனித்தனி வரைபடமாகக் காட்டும் மூவண்ண ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். சிவப்பு மட்டும் தனியாக வலது ஓரத்தில் முட்டி நிற்கும், பொது ஹிஸ்டோகிராமில் அது தெரியாமல் போகலாம். சிவப்பு முட்டினால் இதழின் நுண்மடிப்புகள் எல்லாம் ஒரே பூச்சாகிவிடும்.

சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் எடுங்கள். வெளிச்சத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் வெயில் அல்லது மேகம் என்று ஒன்றில் நிறுத்திவிடுங்கள். நீலமும் ஊதாவும் கேமராவுக்குக் கடினமான நிறங்கள். புளூபெல் போன்றவை நேரில் பார்த்ததைவிடச் செவ்வூதாவாக வந்துவிடும். அங்கேயே பூவைப் பார்த்துக்கொண்டு, அதன் நிறத்தைக் குறிப்பேட்டில் ஒரு சொல்லில் எழுதிக்கொண்டால் வீட்டில் சரிசெய்யும்போது வழி தவறாது.

ஃபோகஸ்: எது கூர்மையாக வேண்டும்

நெருங்க நெருங்கக் கூர்மையின் ஆழம், அதாவது முன்னும் பின்னும் தெளிவாக வரும் தூரம், எவ்வளவு சுருங்குகிறது என்பதைப் பலரும் உணர்வதில்லை. முழுச் சட்டக சென்சாரில் அப்பர்ச்சரை எஃப் 8இல் வைத்து (எண் கூடக் கூடத் துவாரம் சிறிதாகும்), நிஜ அளவில் நான்கில் ஒரு பங்காகப் பூ பதியும் தொலைவில் எடுத்தால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் ஆழம் கிடைக்கும். அதே எஃப் 8இல் நிஜ அளவுக்கே நெருங்கினால் ஒரு மில்லிமீட்டர்தான். அப்பர்ச்சரை எஃப் 16, 22 என்று மூடிக்கொண்டே போனால் ஆழம் கூடும், ஆனால் சிறு துவாரத்தில் ஒளி வளைந்து பரவுவதால் படம் மொத்தமும் மந்தமாகும். பின்னணிக் குப்பையும் எட்டிப்பார்க்கும்.

ஆகவே கேமராவின் பின்பக்கத்தை, எது கூர்மையாக வேண்டுமோ அதற்கு இணையாக வையுங்கள். பக்கவாட்டுப் படமென்றால் காம்புக்கும் பூவின் நடுவுக்கும் இணையாக. மேலிருந்து எடுத்தால் இதழ்ப் பரப்புக்கு இணையாக. எஃப் 5.6 முதல் 11 வரை வைத்துக்கொண்டு கோணத்தால் ஆழத்தைச் சம்பாதிப்பதுதான் நல்ல வழி. எல்லாம் கூர்மையாக வர முடியாதபோது மகரந்தத் தாள்களைத் தேர்ந்தெடுங்கள். இதழ் மங்கினால் கண் ஏற்கும், நடு மங்கினால் ஏற்காது.

ட்ரைபாடில் இருந்தால் திரையில் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். கையில் பிடித்து எடுத்தால் ஃபோகஸை ஒரு தூரத்தில் நிறுத்திவிட்டு, உடலை முன்னும் பின்னும் மில்லிமீட்டராக நகர்த்தி, கூர்மை வரும் கணத்தில் நான்கைந்து படம் தொடர்ந்து எடுங்கள். இந்த நெருக்கத்தில் கேமராவின் அதிர்வுத் தடுப்பு முழுசாகக் கைகொடுக்காது, ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. அதற்காக, சென்சாரின் ஒளி உணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 800, 1600 என்று ஏறினால் ஏறட்டும். புள்ளிகள் விழுந்த கூர்மையான படம், வழவழப்பான ஆடிய படத்தைவிட எவ்வளவோ மேல்.

காற்று தொடர்ந்து அடிப்பதில்லை, விட்டு விட்டுத்தான் வரும். சில நிமிடம் கவனித்தால் அதன் தாளம் பிடிபடும். பூ ஆடி ஆடி ஒரு நொடி நிற்கும் இடம் ஒன்று உண்டு. விரலை அதற்காகவே வைத்திருங்கள். பல ஃபோகஸ் நிலைகளில் எடுத்துக் கணினியில் சேர்க்கும் ஸ்டாக்கிங் முறை, இலைகூட அசையாத பொழுதில் மட்டும் பலிக்கும்.

வண்டு, தேனீ வந்தால் துரத்திக்கொண்டு போகாதீர்கள். குளிர் கழிந்து வெளிவந்த பம்பிள்பீ அரசிகளுக்கு இந்தச் சில பூக்கள்தான் உணவு. ஒரு நல்ல பூவில் ஃபோகஸை நிறுத்தி, ஷட்டரை 1/1000க்கு மேல் ஏற்றி, அசையாமல் காத்திருங்கள். அது வரும்.

மொபைலில் எடுப்பவர்களுக்கு

மொபைல் இந்த வேலையில் சளைத்தது அல்ல. தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால் அதன் லென்ஸ் மண்ணிலிருந்து ஒரு விரல் உயரத்தில் இருக்கும். அந்த இடத்துக்கு எந்தப் பெரிய கேமராவையும் கொண்டுபோக முடியாது. பல மொபைல்களில் மேக்ரோ முறை அகலக்கோண லென்ஸையே பயன்படுத்துகிறது. அதனால் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் நெருங்க வேண்டியிருக்கும், மொபைலின் நிழலே பூமேல் விழும், பின்னணியும் மொத்தமாக உள்ளே வரும். அதை அணைத்துவிட்டு, இரண்டு அல்லது மூன்று மடங்கு லென்ஸில் சற்றுத் தள்ளி நின்று எடுங்கள். பூவின் மேல் விரலை அழுத்தி வைத்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு கீழே இழுத்து வெள்ளையைக் காப்பாற்றலாம். போர்ட்ரெய்ட் முறையை இங்கே தவிர்ப்பது நல்லது. மென்மயிரையும் மகரந்தத் தாளையும் அது பின்னணியோடு சேர்த்து மழித்துவிடுகிறது.

மாலை

சூரியன் சாயும்போது தரைப்பூக்கள் மூடத் தொடங்கும். பலர் அத்தோடு பையைக் கட்டிவிடுகிறார்கள். பாதி மூடிய அனிமோனியைச் சரிந்த வெயிலுக்கு எதிராக எடுத்துப் பாருங்கள்: இதழின் வெளிப்புறத்தில் இருக்கும் இளஞ்சிவப்புச் சாயல், விரிந்த பூவில் தெரியாதது, அப்போது தெரியும்.

மரத்தடியில் இதழ் உதிரத் தொடங்கியிருந்தால் கருத்த பின்னணியும் பக்கவாட்டு வெளிச்சமும் உள்ள இடத்தில் நில்லுங்கள். 1/500இல் ஒவ்வொரு இதழும் காற்றில் நிற்கும். ட்ரைபாடில் 1/8 வைத்தால் வெள்ளைக் கோடுகளாக இழுபடும். இரண்டையும் எடுங்கள். எது நன்றாக இருக்கும் என்பது காற்றின் வேகத்தைப் பொறுத்தது, முன்கூட்டிச் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்த பிறகு

படங்களைப் பார்க்கும்போது முதலில் மகரந்தத் தாளில் கூர்மை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மற்ற அழகெல்லாம் இருந்தாலும் கழித்துவிடுங்கள். நிறத்தைத் திருத்தும்போது செறிவை மொத்தமாக ஏற்றாமல், வெள்ளையில் படிந்த நீலச்சாயலை மட்டும் நீக்கி, நீலத்தையும் ஊதாவையும் குறிப்பேட்டில் எழுதிய சொல்லோடு ஒப்பிட்டுச் சரிசெய்தால் போதும்.

பகிரும் முன் கோப்பில் இருக்கும் இடக்குறியை நீக்கிவிடுங்கள். அரிய செடியென்றால், குறிப்பாகக் காட்டு ஆர்க்கிட் என்றால், இடப்பெயரைப் பொதுவாக மட்டும் சொல்லுங்கள். தோண்டி எடுத்துப்போகிறவர்களும் அந்தப் படங்களைப் பார்க்கிறார்கள். கூட்டமாக வந்து மிதிப்பதற்குத் தோண்டும் எண்ணம்கூடத் தேவையில்லை.

கடைசியாக, படக் கோப்புறையிலேயே ஒரு சிறு குறிப்பு வையுங்கள்: தேதி, அன்றைய வெப்பம், சரிவின் திசை, உயரம், எந்தப் பூ எத்தனை மணிக்குத் திறந்தது, எது மொட்டாக இருந்தது, எது உதிர்ந்துகொண்டிருந்தது. மூன்று நான்கு வசந்தங்களுக்கு இதைச் செய்தவர், எந்தச் சரிவுக்கு எந்த வாரம் போகலாம் என்பதைத் தன் குறிப்பிலிருந்தே சொல்லிவிட முடியும்.